‘தேவலைங்க’ என்றால் உடனே டிக் போடாதீர்கள்

கழுத்துப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர் இப்போது எப்படி வாழ்கிறார் என்று அச்சிட்ட கேள்வித்தாளை வைத்துக் கேட்டு எழுதுகிறோம். இதில் நான் அதிகம் பார்க்கும் தவறு, வீட்டாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பது.

பாலக்கோடு பக்கத்து அம்மா ஒருவர், எதைக் கேட்டாலும் "தேவலைங்க" என்றார். பாதிக்கு மகனே பதில் சொன்னார். மகன் மாத்திரை வாங்கப் போனதும், "என்னம்மா சாப்பிடுறீங்க?" என்றேன். "களி எறங்க மாட்டேங்குதுங்க, பொறையேறுது. எல்லாரும் படுத்தப்புறம் கூழு கரைச்சுக் குடிச்சுக்குவேன்." குடும்பத்தார் முன்னால் சாப்பிடச் சிரமமா என்ற கேள்விக்கு அதற்குள் ‘இல்லை’ என்று டிக் போட்டிருந்தேன். அடித்துத் திருத்தினேன். தனியாகக் கேளுங்கள், நேரம் கொடுங்கள்.

அறுவைக்கு முன்பே ஒருமுறை கேட்டு வைக்காவிட்டால், பின்னால் வரும் மதிப்பெண்ணை எதோடு ஒப்பிடுவது?

தோளை மறந்துவிடுகிறோம். கழுத்து நெறிக்கட்டிகளை எடுக்கும்போது பதினோராவது மூளை நரம்பு அடிபட்டால் தோள் இறங்கிவிடும், கை மேலே தூக்காது. தழும்பு ஆறியதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாமல், கொண்டை போட முடிகிறதா, மாங்காய் பறிக்கக் கை எட்டுகிறதா என்றும் விசாரியுங்கள். ஆனால் அச்சிட்ட கேள்வியை உங்கள் வாக்கியத்துக்கு மாற்றாதீர்கள். ஓசூர், தளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவருக்கு அந்த மொழித் தாளையே கொடுங்கள், வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்ல வேண்டாம்.

மதிப்பெண்ணில் நடக்கும் குழப்பம் தனி. ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஈஓஆர்டிசி-யின் 30 கேள்விப் பொதுத்தாளும், தலை கழுத்துக்கான 35 கேள்வித்தாளும் 0 முதல் 100 வரை கணக்கிடப்படுகின்றன. அன்றாடச் செயல்பாட்டில் 80 என்றால் நல்லது. விழுங்குவது போன்ற தொல்லைப் பிரிவுகளிலோ எண் ஏற ஏறத் தொல்லை அதிகம்; அங்கே 80 என்றால் அவர் பட்டினிக்குப் பக்கத்தில் இருக்கிறார்! எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் இது கண்ணுக்கே தெரியாது. பதில் இல்லாத இடத்தில் பூஜ்யமும் போடாதீர்கள். ஒரு பிரிவில் பாதிக் கேள்விகளுக்காவது பதில் இருந்தால், அவற்றின் சராசரியை எடுப்பதே விதி.

கடைசியாக, வந்தவர்களை மட்டும் கணக்கெடுத்து ‘எல்லோரும் நலம்’ என்று எழுதுவது. அஞ்செட்டியிலிருந்து வர ஒரு நாள் கூலி போகும். முடியாதவர்தான் முதலில் வராமல் நிற்பார். குரல்வளை எடுத்தவருக்குப் போன் போட்டால் எடுத்துப் பேசுவது மறுபடியும் மகன்தான். மருந்துக்கு வரும் நாளிலேயே அவரை உட்காரவைத்து, தாளையும் பேனாவையும் அவர் கையிலேயே கொடுங்கள்.