காற்புள்ளியில் இடறும் கோப்பு: சிஎஸ்வி பிழைகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கடை வைத்திருக்கும் நண்பருக்காகப் பாக்கிக் கணக்கைப் படிக்கும் சின்னப் பைத்தான் நிரல் ஒன்றை எழுதினேன். கணக்கு சிஎஸ்வி கோப்பில் இருந்தது, அதாவது ஒவ்வொரு வரியிலும் புலங்களைக் (தகவல்களைக்) காற்புள்ளியால் பிரித்து எழுதிய வெறும் உரைக்கோப்பு. பெயர், முகவரி, பின்கோடு, பாக்கி என்று வரிக்கு நான்கு புலங்கள். ஓட்டிப் பார்த்தால், ஒரு வரியில் பாக்கித் தொகை இருக்க வேண்டிய இடத்தில் ‘கடலூர்’ என்று நின்றது!

முதல் வேலை, கோப்பை நோட்பேடில் திறப்பது. எக்செலில் திறக்காதீர்கள், அது எல்லாவற்றையும் கட்டம் கட்டி அழகாக்கிக் குற்றத்தை மறைத்துவிடும். நோட்பேடில் அந்த வரி இப்படி இருந்தது:

செல்வி,"12, பாரதி சாலை, கடலூர்",607001,"1,250"

நான் காற்புள்ளி கண்ட இடமெல்லாம், வரியைத் துண்டாக்கும் ‘ஸ்பிளிட்’ (split) கட்டளை கொண்டு வெட்டியிருந்தேன். நான்கு புலங்கள் ஏழு துண்டுகளாயின. மேற்கோள் குறிக்குள் இருக்கும் காற்புள்ளி பிரிப்பான் அல்ல. சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும், 2005-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 4180 ஆவணமும் இதைத்தான் சொல்கிறது.

ஆகவே ஸ்பிளிட்டை நீக்கிவிட்டு, பைத்தானுடனேயே வரும் சிஎஸ்வி தொகுதியின் ரீடரை (csv.reader) பயன்படுத்துங்கள், மேற்கோள் குறிகளை அது பார்த்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு வரியிலும் புலங்களை எண்ணி, நான்கு இல்லாத வரியின் எண்ணை மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். எனக்குப் பாதி நோய் இதிலேயே பிடிபட்டது.

அடுத்தது, புதுச்சேரிக்காரர்களுக்கு நன்கு பழக்கமான சிக்கல். பாரிஸில் இருக்கும் அண்ணன் ஒரு செலவுக் கணக்கை அனுப்பினார். புலங்கள் பிரிய வேண்டிய இடத்தில் பிரியவில்லை. பிரெஞ்சு வழக்கத்தில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. பன்னிரண்டரை யூரோவை 12,50 என்று எழுதுவார்கள். அதனால் அங்கத்திய எக்செல் புலங்களை அரைப்புள்ளியால் பிரிக்கிறது. ரீடரிடம் பிரிப்பான் அரைப்புள்ளி என்று சொல்லுங்கள். எண்ணாக மாற்றும் முன் காற்புள்ளியைப் புள்ளியாக்குங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அதே மாற்றத்தைக் கடலூர்க் கோப்பில் செய்தால் 1,250 என்பது 1.250 ஆகிவிடும். பைத்தான் ஒரு பிழையும் காட்டாது. செல்வியின் ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்க் கடன் சத்தமில்லாமல் ஒன்றேகால் ரூபாயாகிவிடும். நம் ஊர்த் தொகையில் காற்புள்ளியை நீக்கத்தான் வேண்டும், மாற்றக்கூடாது.

‘பெயர்’ என்ற தலைப்பு கண்ணெதிரே இருந்தும் நிரல் அதை இல்லையென்று அடம்பிடித்தால், கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டியிருக்கலாம். எக்செலில் யுடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது அது சேர்கிறது. கோப்பைத் திறக்கும் குறியாக்கத்தை (encoding) ‘யுடிஎஃப்-8-சிக்’ (utf-8-sig) என்று மாற்றினால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் நண்பரின் பட்டியலில் முப்பது பேரைக் காணவில்லை. ஒரு முகவரியின் முன்னால் மேற்கோள் குறியைத் திறந்தவர் மூட மறந்திருந்தார். அடுத்த மேற்கோள் குறி வரும்வரை அத்தனை வரிகளையும் அந்த ஒரே முகவரி விழுங்கியிருந்தது. நண்பரே நோட்பேடில் அந்தக் குறியை மூடினார்.