மாணவர் தலைமைத்துவ மாநாடு: 200 பேரை ஒரே நாளில் சமாளிப்பது எப்படி

மாநாடு நடத்தலாம் என்று மாணவர் மன்றம் முடிவெடுத்ததும் முதலில் கிளம்பும் பேச்சு, சிறப்பு விருந்தினர் யார், பேனரில் என்ன எழுதுவது என்பதுதான். மேடையை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். நாள் சொதப்புவது வாசலிலும் வராந்தாவிலும் சாப்பாட்டு வரிசையிலும். திட்டத்தில் பாதி நேரத்தை அங்கே செலவிடுங்கள். கீழே உள்ள கணக்கு 20 பள்ளிகள், பள்ளிக்கு 10 மாணவர்கள், உடன் ஓர் ஆசிரியர் என்ற அளவுக்கானது.

12 வாரங்களுக்கு முன்பே தேதியையும் அரங்கையும் எழுத்துமூலம் உறுதிசெய்யுங்கள். வாய்மொழி அனுமதி போதாது. கடைசி வாரத்தில் அதே அரங்கு வேறொரு நிகழ்ச்சிக்குப் போய்விடும். அழைக்கப்போகும் பள்ளிகளின் தேர்வு அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். பதிவை 4 வாரங்களுக்கு முன் மூடிவிட வேண்டும்.

கட்டணம் நிர்ணயிக்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கும். அரங்கு, ஒலிபெருக்கி, அச்சுச் செலவு எல்லாம் எத்தனை பேர் வந்தாலும் மாறாதவை. அவற்றை 200-ஆல் வகுத்தால், 170 பேர் மட்டுமே வந்தால் கையைக் கடிக்கும். 160-ஆல் வகுத்து, அதோடு தலைக்கு ஆகும் சாப்பாடு, அடையாள அட்டைச் செலவைச் சேருங்கள்.

பதிவுப் படிவத்தில் பெயரை மாணவரே தட்டச்சு செய்யட்டும். ஒவ்வாமை, உணவுக் கட்டுப்பாடு, பெற்றோரின் அவசரத் தொலைபேசி எண், புகைப்படத்துக்குச் சம்மதம், பயிற்சி அமர்வுகளில் மூன்று விருப்பங்கள் வரிசைப்படி: இவ்வளவு போதும். யார் எந்த அமர்வு என்பதை நீங்களே முன்கூட்டி ஒதுக்கிவிடுங்கள். அன்றைக்கு வந்து தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டால் நண்பர்கள் கும்பலாகப் போவார்கள். ஓர் அறையில் 60 பேர், பக்கத்து அறையில் 4 பேர். ஒரே பள்ளியிலிருந்து ஓர் அறைக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். 8 அறை, அறைக்கு 25 பேர், இரண்டு சுற்று.

அடையாள அட்டையில் பெயர் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். கயிற்றில் தொங்கும் அட்டை எப்படியும் திரும்பிக்கொள்ளும், பிறகு யார் பெயரும் யாருக்கும் தெரியாது. பெயருக்குக் கீழே முதல் சுற்று அறை, இரண்டாம் சுற்று அறை, சாப்பாட்டுக் குழு ஆகிய மூன்றையும் அச்சிட்டால், "அண்ணா, நான் எங்க போகணும்?" என்ற கேள்வி பாதியாகக் குறையும்.

வாசலில் ஒருவருக்கு 20 விநாடி என்று வையுங்கள். ஒரே மேசையில் 200 பேருக்கு 67 நிமிடம் ஆகும். எனவே மாணவர்களை வரிசையில் நிறுத்தவே வேண்டாம்; பள்ளிக்கு ஓர் உறை போட்டு, 10 அட்டைகளையும் உடன் வந்த ஆசிரியரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். நான்கு மேசை, மேசைக்கு ஐந்து பள்ளி. ஐந்தாவதாக ஒரு மேசை தள்ளிப் போடுங்கள். பெயர் விடுபட்டவர், ஆள் மாறி வந்தவர் எல்லாம் அங்கே. 15 வெற்று அட்டை, இரண்டு மார்க்கர் பேனா வையுங்கள். அந்த மேசை இல்லாவிட்டால் ஒரே ஒரு விடுபட்ட பெயர் பின்னால் நிற்கும் அத்தனை பேரையும் நிறுத்திவிடும்.

பயிற்சி அமர்வுதான் மாநாட்டின் உயிர். 45 நிமிடத்தில் அறிமுகம் 5, விளக்கம் 10, செயல்பாடு 25, கேள்விகள் 5. "தலைவர் என்பவர் யார்?" என்ற உரை வேண்டவே வேண்டாம், அதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குச் சலித்திருக்கும். கையில் வேலை கொடுங்கள். உதாரணமாக, ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு விளையாட்டு விழாவின் செலவுப் பட்டியல். "பணம் பாதியாகக் குறைந்துவிட்டது. எதை வெட்டுவீர்கள், எதைத் தொடமாட்டீர்கள், ஏன்? 12 நிமிடம்." மீதி 13 நிமிடம் ஐந்து குழுக்களும் சொல்வதற்கு. இதில் வரும் சிக்கல், ஒருவரே பேசிக்கொண்டிருப்பார். எழுதுபவர், நேரம் பார்ப்பவர், குழு சார்பில் பேசுபவர் ஆகியோரைச் சீட்டுப் போட்டு எடுத்தால் அது அடங்கும். அமர்வுகளுக்கு இடையே 10 நிமிடம் விடுங்கள். 5 நிமிடம் மாடிப்படிக்கே சரியாகிவிடும்.

சிறப்புப் பேச்சாளருக்கு நிகழ்ச்சி நிரலில் 30 நிமிடம் ஒதுக்கி, அவரிடம் 20 என்று சொல்லுங்கள். முன்வரிசை நடுவில் ஒருவர் "5", "2", "முடிக்கவும்" அட்டைகளோடு இருப்பார் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மனவருத்தம்தான். பேச்சாளர் வராமல் போனால் நடத்த 30 நிமிடச் செயல்பாடு ஒன்று தயாராக இருக்கட்டும். கம்பியில்லா மைக்குக்கு மாற்று பேட்டரி, கூடவே கம்பியுள்ள மைக் ஒன்று. ஸ்லைடுகளை பிடிஎஃப் ஆகவும் வாங்குங்கள். வேறு கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரியும்.

சாப்பாட்டுக்கும் இதே கணக்குதான். ஒருவருக்கு 10 விநாடி என்றாலும் ஒரு வரிசையில் 33 நிமிடம். இரண்டு மேசைகளை இருபுறமும் எடுக்கும்படி போட்டால் நான்கு வரிசை, 9 நிமிடத்துக்குள் முடியும். மேசையைச் சுவரோடு ஒட்டிவிடாதீர்கள்.

மன்றத் தலைவருக்கு அன்று எந்த மேசையும் அறையும் ஒதுக்காதீர்கள். எங்கே பிரச்சினையோ அங்கே போக ஒருவர் சும்மா இருந்தே ஆக வேண்டும். முதலுதவிப் பெட்டிக்கும் ஓய்வறைக்கும் பெரியவர் ஒருவர் பொறுப்பு. இடையில் கிளம்பும் மாணவர் தம் பள்ளி ஆசிரியரோடு கையெழுத்திட்டுத்தான் வெளியேற வேண்டும். உடன் வந்த ஆசிரியர்களுக்குத் தனி அமர்வு வையுங்கள். வேலையில்லாவிட்டால் பின்வரிசையில் பேச்சு தொடங்கிவிடும்.

சான்றிதழுக்கு 200 பேரையும் மேடைக்கு அழைத்தால், தலைக்கு 15 விநாடி என்றாலே 50 நிமிடம். பள்ளிவாரியாகக் கட்டி ஆசிரியரிடம் கொடுங்கள், அதுவும் கருத்துப் படிவம் கைக்கு வந்த பிறகு. வாங்கியவர் யாரும் படிவம் நிரப்ப உட்கார மாட்டார்.

ஒரு வாரத்துக்குள் ரசீதுகளோடு கணக்கை முடித்துப் பொறுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள். அடுத்த ஆண்டு மன்றத்துக்கு ஒரு கோப்பு: அழைப்புக் கடித நகல், படிவம், அறைப் பட்டியல், செலவுக் கணக்கு, கடைசியில் எது பற்றவில்லை, எது மிஞ்சியது என்று ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை அன்று மாலையே எழுதிவிடுங்கள். மறுநாள் பாதி மறந்துபோகும்.