ஆவியில் மரம் வளைத்து விளக்கு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆவியில் சூடாக்கி வளைக்கும்போது பட்டை (மரத்தின் தோல் அல்ல, மரத்திலிருந்து அறுத்த மெல்லிய, நீளமான துண்டு) படக்கென்று முறிந்தால் பலரும் ஆவியைத்தான் குறை சொல்வார்கள். இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்கலாமோ என்பார்கள். பெரும்பாலும் தப்பு அங்கே இல்லை. மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நடந்துவிட்ட தப்பு அது.

கடையில் கிடைக்கிறதே என்று சூளையில் உலர்த்திய மரத்தை வாங்காதீர்கள். மர இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள், ஈரமும் சுமார் 100 டிகிரி சூடும் சேர்ந்தால் இளகும். ஆறினால் மறுபடி இறுகும். மொத்த வேலையும் இதை நம்பித்தான் நடக்கிறது. மரத்தில் 20 முதல் 25 சதவீதம் ஈரம் இருந்தால் நன்றாக வளையும். சூளை மரத்தில் அதில் பாதிகூட இருக்காது. ஊறவைத்தாலும் பழைய குணம் முழுசாகத் திரும்பாது. உள்ளூர் மரத்தின் பெரிய லாபமே இதுதான்: எப்போது வெட்டியது என்று கேட்கலாம், அறுவை மில்லில் கண் முன்னே அறுத்து வாங்கலாம்.

எந்த மரம்? பீச், ஆஷ், ஓக் போன்ற குளிர்நாட்டு மரங்கள் வளைவதுபோல் வெப்பநாட்டு மரங்கள் பொதுவாக வளையாது. தேக்கில் கைப்பழக்கம் பார்ப்பது காசுக்குக் கேடு. நம் பக்கம் முசுக்கொட்டையை (மல்பெரி) தேடிப் பாருங்கள். இந்தியாவில் ஹாக்கி மட்டைக்கு வளைத்த மரம் அது. ஆனால் ஓசூர், தருமபுரிப் பக்கம் பட்டுப்புழுவுக்காக வளர்க்கும் செடிகளை அடிக்கடி கவாத்து செய்வதால் தண்டு பருக்காது. மரமாக வளரவிட்டது வேண்டும்.

அடுத்து ரேகை, அதாவது மர இழைகள் ஓடும் கோடு. முடிச்சு இல்லையே என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். பட்டையின் விளிம்பைப் பாருங்கள். ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டுப் பேனா மை வையுங்கள், ரேகை போகும் திசையில் அது ஊறிப் பரவும். மை சரிந்து விளிம்பை நோக்கிப் போனால் வளைவில் சிராய் கிளம்பும். அந்தப் பட்டையை நேரான பாகத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

ஆவியில் இளகிய மரத்தை நிறையவே அமுக்கிச் சுருக்கலாம்; இழுத்து நீட்டுவது மட்டும் ஓரிரு சதவீதத்துக்கு மேல் முடியாது. அதனால்தான் வளைவின் வெளிப்பக்கம் பிளக்கிறது. மரம் வளைத்து நாற்காலி செய்த மைக்கேல் தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி இதைப் புரிந்துகொண்டதன் பலன்: வெளிப்பக்கத்தில் இரும்புத் தகடு வைத்து, இரு முனைகளையும் அடைத்துப் பிடித்து வளைத்தார்கள். மெல்லிய பட்டைக்குத் தகடு தேவைப்படாது. கனமான விளக்குத் தண்டுக்குத் தேவை. ஓக், கருவேலம் போன்ற துவர்ப்பு மிகுந்த மரத்தில் ஈரத்தோடு இரும்பு பட்டால் கறுத்துப்போகும், எனவே எவர்சில்வர் தகடு வையுங்கள்.

ஆவி நேரத்துக்கு 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. அதன்படி 4 மில்லிமீட்டர் பட்டைக்கு பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஆவிப்பெட்டியை, அதாவது மரத்தை உள்ளே வைத்து ஆவி விடும் பெட்டியை, இறுக மூடவே கூடாது. அழுத்தம் ஏறி வெடிக்கும். ஆவி வெளியேற ஓட்டை, தண்ணீர் வடியக் கொஞ்சம் சரிவு, இரண்டும் வேண்டும். கதவைத் திறக்கும்போது ஒதுங்கி நில்லுங்கள், கையுறை அவசியம்.

வெளியே எடுத்ததும் மெல்லிய பட்டை சில நொடிகளில் விறைக்கத் தொடங்கிவிடும். அதனால் அச்சு, கிளாம்ப் எல்லாவற்றையும் வைத்து, குளிர்ந்த பட்டையில் ஒரு ஒத்திகை பார்த்துவிடுங்கள். அவிழ்த்தால் கொஞ்சம் விரியும் என்பதால் அச்சையே சற்று இறுக்கமான வளைவாகச் செய்ய வேண்டும். அவசரப்பட்டு மறுநாளே அவிழ்ப்பவர்கள்தான் அதிகம். நன்றாகக் காயும்வரை பொறுங்கள், அப்புறம்தான் பசையும் எண்ணெயும்.

ஒயருக்கான துளையை வளைத்துக் காய்ந்த பிறகே போடுங்கள். முன்பே போட்டால் முறிவது அங்கேதான். குண்டு பல்பு வேண்டாம். அது வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. மரத்துக்கு எல்இடிதான் சரி, அதையும் பட்டையைத் தொடாமல் பொருத்துங்கள். உலோகப் பாகம் இருந்தால் எர்த் கொடுக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.