உப்புக்காற்றும் எலக்ட்ரிக் கிட்டாரும்

மட்டக்களப்பு, கல்லடிக் கடற்கரைப் பக்கம் வீடென்றால் கிட்டாருக்கு முதல் எதிரி உப்புக்காற்றுதான். வாசித்து முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும், அடிப்பக்கமும் சேர்த்து, துடைத்துப் பெட்டிக்குள்ள வையுங்க. சுவரில் மாட்டி அழகு பார்க்கிறது இங்க சரிவராது.

கம்பிகளை ஒன்றொன்றாக மாற்றுங்க. புதுக் கம்பியை மெல்ல இழுத்துவிட்டுத் திரும்பவும் சுருதி சேர்க்கணும்.

12ஆம் ஃபிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் கம்பி உயரம் 2 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் தொடங்கப் போதும். அதற்குப் பிறகுதான் இன்டோனேஷன், அதாவது கழுத்து முழுக்கச் சுருதி சரியாக வருதா என்று பார்க்கிறது: அந்த ஃபிரெட்டை அழுத்தி வரும் சுருதி, அதே இடத்தில் அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மோனிக்கைவிடக் கூடினால், சாடிலை (பாலத்தில் கம்பியைத் தாங்கும் சின்னத் துண்டு)க் கழுத்திலிருந்து பின்னுக்குத் தள்ளுங்க, குறைந்தால் முன்னுக்கு. சுருதி காட்டும் டியூனர் இல்லாமல் காதை மட்டும் நம்பாதீங்க.

வொலியூம் குமிழ் கரகரத்தால் கொண்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைத் துப்புரவாக்கும் ஸ்ப்ரே) அடித்து இரண்டு பக்கமும் திருப்புங்க. மோட்டார்சைக்கிள் எண்ணெய் வேண்டாம், தம்பி.