அடுத்த டரான்டுலாவைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடலெங்கும் ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தியான டரான்டுலாவை வீட்டில் வளர்க்க முதன்முதலாக வாங்குபவர் பெரும்பாலும் பல மாதங்கள் படித்து, நாலு பேரிடம் விசாரித்து, பெட்டியையும் மண்ணையும் முன்கூட்டியே தயார் செய்த பிறகுதான் வாங்குகிறார். தவறுகள் நேர்வது அதற்குப் பிறகு, மூன்றாவது, நான்காவது சிலந்தியில். அதற்குள் கை பழகிவிட்டது என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் பழகியது ஒரே ஒரு வகைச் சிலந்தியோடு மட்டும்தான் என்பது நினைவில் நிற்பதில்லை. டரான்டுலாக்கள் அடங்கிய தெரபோசிடே குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. வறண்ட புதர்வெளியில் வாழ்வது, மழைக்காட்டின் ஈரத் தரையில் வாழ்வது, மரப்பொந்தில் வாழ்வது, முழங்கை ஆழத்துக்கு வளை தோண்டி அதிலிருந்து வெளியே வராமலேயே வாழ்வது என அவற்றின் வாழ்க்கை முறைகள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை. ஒன்றை வளர்த்த அனுபவம் மற்றொன்றுக்கு அப்படியே உதவும் என்று நினைப்பதிலிருந்துதான் மற்றத் தவறுகளில் பாதிக்கு மேல் முளைக்கின்றன என்பது என் அனுபவம்.

அவற்றில் முதலாவது, மெதுவாக நடமாடும் தரைவாழ் இனங்களை மட்டும் வளர்த்தவர் திடீரென்று மின்னல் வேகத்தில் ஓடும் மரவாழ் இனத்துக்குத் தாவுவது. டரான்டுலாக்களைப் பழைய உலகத்தவை, புதிய உலகத்தவை என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த புதிய உலக இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் மேல் எரிச்சலூட்டும் ரோமங்கள் உண்டு. மிரண்டால் பின்னங்கால்களால் அவற்றை உதிர்த்துத் தூவும். ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்கு அந்த ரோமங்கள் கிடையாது. ஆகவே அவை வேகத்தையும் கடியையுமே நம்பியிருக்கின்றன; அவற்றின் நஞ்சும் பொதுவாகக் கடுமையானது. இதுவரை சரிதான். ஆனால் இதிலிருந்து ‘புதிய உலகத்தது என்றால் சாது’ என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். நானும் வந்திருந்தேன்.

கிராமோஸ்டோலா, பிராக்கிபெல்மா போன்ற நிதானமான சிலந்திகளை நான்கு ஆண்டுகள் வளர்த்த தைரியத்தில் சால்மோபியஸ் இர்மினியா என்ற தென்னமெரிக்க மரவாழ் இனம் ஒன்றை வாங்கினேன். கருங்கறுப்பு உடல், கால் நுனிகளில் ஆரஞ்சு நிறக் கீற்றுகள். அதைப் பெரிய பெட்டிக்கு மாற்ற வேண்டிய நாளில், வழக்கம்போல மூடியைத் திறந்து, மரப்பட்டையின் பின்னால் தூரிகையை மெல்ல நீட்டினேன். தூரிகை அதைத் தொடவே இல்லை. பட்டையின் இடது ஓரத்தில் இருந்த சிலந்தி அடுத்த கணம் என் முழங்கைக்கு மேலே இருந்தது. இடையில் அது ஓடியதை நான் பார்க்கவில்லை. அசையாமல் நின்றதால் கடிபடவில்லை. அரைமணி நேரம் கழித்து ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து அதைப் பிடித்தபோது அதன் பின்னங்கால் ஒன்று ஊனமாகியிருந்தது. சால்மோபியஸ், டாபினாகீனியஸ் ஆகிய பேரினங்கள் புதிய உலகத்தைச் சேர்ந்தவையாக இருந்தும் அவற்றுக்கு வயிற்று ரோமங்கள் இல்லை. நடத்தையில் அவை பழைய உலக மரவாழ் சிலந்திகளுக்கே நெருக்கமானவை. வாங்கும் முன் இதைப் படித்திருந்தால், அந்தக் கால் தப்பியிருக்கும்.

கடியைப் பற்றிப் பீதி கிளப்புவது என் நோக்கமல்ல. டரான்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதிப்படுத்தப்பட்ட நிகழ்வு எதுவும் இல்லை. ஆனாலும் போசிலோதெரியா பேரினத்துச் சிலந்திகள் கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு ஏற்படுவதும், அது நாட்கணக்கில் நீடிப்பதும், அடங்கிவிட்டது என்று நினைத்த பிறகு மீண்டும் வருவதும் மருத்துவப் பதிவுகளில் உள்ளன. மேற்கு ஆப்பிரிக்காவின் ஸ்ட்ரோமாட்டோபெல்மா கால்சியேட்டமும் ஹெட்டரோஸ்கோட்ரா மாகுலாட்டாவும் இதே வரிசையில் வைக்க வேண்டியவை. அதேபோல, ரோமம் உள்ள இனம் என்பதற்காக ஆபத்தில்லை என்றும் சொல்லிவிட முடியாது. தெரபோசா பேரினத்தின் ரோமங்கள் தோலில் நாள்கணக்கில் அரிப்பை உண்டாக்குபவை. கண்ணில் பட்டால் விழிவெண்படலத்துக்குள் ஊடுருவி நீண்டகால அழற்சியை ஏற்படுத்தக்கூடியவை. வீட்டில் சிறு குழந்தைகளோ, தோல் ஒவ்வாமை உள்ளவர்களோ இருந்தால் இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, படத்தைப் பார்த்து மயங்குவது. சிரியோபாகோபஸ் லிவிடஸ் என்ற மியான்மார், தாய்லாந்து பகுதிச் சிலந்தியின் கால்கள் படங்களில் நீலமணி போல ஒளிரும். அதை வாங்கி வைத்தவர் பார்ப்பது பெரும்பாலும் ஒரு மண் பெட்டியையும் அதில் ஒரு துளையையும்தான். நள்ளிரவில் சிவப்பு விளக்கை ஏற்றிப் பொறுமையாக உட்கார்ந்தால், துளையின் விளிம்பில் நான்கு கால் நுனிகள் மட்டும் வரிசையாக ஊன்றியிருப்பது தெரியும். மூச்சுக்காற்று பட்டாலும் அவை உள்ளே போய்விடும். அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும். ஆனால் அது பிடிக்குமா என்று வாங்கும் முன்பே தன்னைக் கேட்டுக்கொள்ளாதவர், இரண்டாம் மாதத்தில் வளையைத் தோண்டத் தொடங்குவார். ஆழ்வளைச் சிலந்திக்கு அதைவிடப் பெரிய தொல்லை வேறில்லை. வளையை விட்டு விரட்டப்பட்ட சிலந்தி எதிர்த்து நிற்கும். பிறகு அந்த இனமே ‘கோபக்காரச் சிலந்தி’ என்று பெயர் வாங்கிக்கொள்ளும்.

நிறம் நிலையானது என்று நம்புவதும் இதோடு சேர்ந்ததே. மார்டினிக் தீவைச் சேர்ந்த கரிபெனா வெர்சிகலர் குஞ்சுப் பருவத்தில் பளீரென்ற நீலமாக இருக்கும். ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் அந்த நீலம் மறைந்து, வளர்ந்த சிலந்தியில் பச்சையும் செந்நிறமும் ஊதாவும் வந்துசேரும். நீலத்துக்காகக் குஞ்சை வாங்கியவருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. நிறமும் வேண்டும், கண்ணிலும் பட வேண்டும் என்பவர்களுக்கு வெனிசுவேலாவின் வறண்ட பரகுவானா பகுதியைச் சேர்ந்த குரோமாட்டோபெல்மா சயனியோபுபெசன்ஸ் பொருத்தமாக இருக்கும். நீலக் கால்களும் ஆரஞ்சு வயிறும் கொண்ட அது பெட்டி முழுவதும் வெண்வலை விரித்து, அதன் மேலேயே நடமாடும்.

வாழிடத்தைப் பற்றிய தவறு சிலந்தியின் உயிரையே வாங்கிவிடுகிறது. ‘மழைக்காட்டுச் சிலந்தி, ஆகவே ஈரம் வேண்டும்’ என்ற எளிய சூத்திரத்தால் இறந்துபோன அவிகுலேரியா குஞ்சுகளுக்கு அளவில்லை. அவை மரத்தின் உயரத்தில், காற்று தடையின்றி வீசும் இடத்தில் வாழ்பவை. மூடிய பெட்டியில் நாளுக்கு இருமுறை நீர் தெளித்து, சுவர்களில் வியர்வை போல நீர் முத்துக்கள் நிற்கும் நிலையில் வைத்தால் ஓரிரு வாரங்களில் சுருண்டுவிடும். அவற்றுக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றுத் துளைகளும், குடிக்க ஒரு சிறு நீர்த்தட்டும், எப்போதாவது ஒரு மூலையில் சிறிது ஈரமும் இருந்தால் போதும். இதற்கு நேர்மாறாக, கால்விரிவு 28 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய தெரபோசா பிளாண்டிக்கு மண் ஆழத்தில் எப்போதும் ஈரம் இருக்க வேண்டும். காய்ந்துவிட்டால் சட்டை உரிக்கும்போது சிக்கிக்கொண்டு இறக்கும். கிராமோஸ்டோலாவோ காய்ந்த மண்ணிலேயே நிம்மதியாக இருக்கும். ஆகவே ஓர் இனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், உங்கள் அறை இயல்பாகவே எப்படி இருக்கிறது, வாரத்துக்கு எத்தனை முறை நீங்கள் பெட்டிகளைக் கவனிக்க முடியும் என்று பாருங்கள். அறையின் இயல்புக்கு எதிரான இனத்தைக் கொண்டுவந்தால், அதன் ஆயுள் முழுவதும் அந்த இயல்போடு நீங்கள் போராட வேண்டியிருக்கும்.

பெட்டியின் வடிவமும் இதில் அடங்கும். தரைவாழ் சிலந்திக்கு மண்ணுக்கும் மூடிக்கும் இடையே அதன் கால்விரிவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, ஏனெனில் கண்ணாடியில் ஏறி விழுந்தால் வயிறு வெடித்துவிடும். மரவாழ் இனத்துக்கு உயரம் வேண்டும். வளைவாழ் இனத்துக்கு மண்ணின் ஆழம் வேண்டும். கையில் ஒரு காலிப் பெட்டி இருக்கிறது என்பதற்காக அதில் பொருந்தாத இனத்தை வாங்காதீர்கள்.

ஆயுளையும் பாலினத்தையும் பலர் கவனிப்பதில்லை. பிராக்கிபெல்மா, கிராமோஸ்டோலா போன்றவற்றின் பெண் சிலந்திகள் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவை. ஆணோ கடைசிச் சட்டையை உரித்து முதிர்ச்சியடைந்த பிறகு பெரும்பாலும் சில மாதங்கள், மிஞ்சினால் ஓராண்டு, அரிதாக அதற்குச் சற்றுக் கூடுதலாகவே உயிரோடிருக்கும். ‘வளர்ந்த பெரிய சிலந்தி, குறைந்த விலை’ என்று வரும்போது அது முதிர்ந்த ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம். வாயருகே உள்ள பெடிபால்ப் எனப்படும் உணர்கால்களின் நுனி உருண்டு தடித்திருக்கிறதா, முன்னங்கால்களின் உட்புறத்தில் கொக்கி போன்ற முனை இருக்கிறதா என்று பாருங்கள். கொக்கி எல்லா இனங்களிலும் இருக்காது. தடித்த உணர்கால் நுனி தவறாத அடையாளம். இனப்பெருக்கத்துக்காகவே ஆணைத் தேடுபவர் தவிர மற்றவர்கள் இதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

குஞ்சுகளாக வாங்கினால் ஏறக்குறைய பாதி ஆணாகவே வரும். உரிந்த சட்டையின் வயிற்றுப் பகுதியை ஈரப்படுத்தி விரித்து உருப்பெருக்கியில் பார்த்தால், பெண்ணாக இருந்தால், ஆணின் விந்தைச் சேமித்து வைக்கும் பை தெரியும். அது வரை விற்பவர் சொல்லும் பாலினம் ஊகம்தான். வளர்ச்சி வேகத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். போசிலோதெரியா குஞ்சு இரண்டு மூன்று ஆண்டுகளில் முழுதாக வளர்ந்துவிடும். அதாவது சாதுவான சிறு குஞ்சோடு பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தவர் பழகி முடிக்கும் முன்பே பெரிய, வேகமான சிலந்தி பெட்டிக்குள் இருக்கும். கிராமோஸ்டோலா புல்கிராவின் பெண் முதிர ஆறேழு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம்.

பெயர்க் குழப்பத்தைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் டரான்டுலா என்ற பெயரில் பல்லாண்டுகள் பிராக்கிபெல்மா ஸ்மிதி என்று விற்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை பிராக்கிபெல்மா ஹாமோரி என்பது 2017-இல் வெளியான ஆய்வுக்குப் பிறகுதான் தெளிவானது. தெரபோசா பிளாண்டி என்று விற்கப்பட்டவற்றுள் பல, 2010-இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட தெரபோசா ஸ்டிர்மியாக இருந்தன. ‘சுருள்முடி டரான்டுலா’ இப்போது பிராக்கிபெல்மா அல்ல, டிலில்டோகாட்ல் பேரினத்தைச் சேர்ந்தது. பொதுப்பெயரை மட்டும் நம்பி இரண்டு சிலந்திகளை இணை சேர்த்தால் கலப்பினக் குஞ்சுகள் பிறந்து, அவை தவறான பெயரோடு நூற்றுக்கணக்கில் மற்றவர் கைகளுக்குப் போய்விடும். அறிவியல் பெயர், வாங்கிய நாள், எந்தத் தாயின் குஞ்சு என்ற மூன்றையும் எழுதித் தராத இடத்தில் நான் வாங்குவதில்லை.

இதைவிட எனக்கு மனம் கனக்கும் தவறு, காட்டில் பிடிக்கப்பட்ட சிலந்தியை விலை குறைவு என்று வாங்குவது. முழு உடலும் நீலமான போசிலோதெரியா மெட்டாலிகாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திராவின் குத்தி (Gooty) என்ற ஊரில் கிடைத்த ஒரு மாதிரியைக் கொண்டு 1899-இல் பொகாக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அதை விவரித்தார். அதற்குப் பிறகு நூறாண்டு காலம் எவர் கண்ணிலும் படாமல், 2001 வாக்கில் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையிலான காட்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான சிதைந்த காட்டில் வாழும் அது மிக அருகிய இனமாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. அந்தக் காட்டிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு பெண் சிலந்தியும் பல ஆண்டுகளின் குஞ்சுகளோடு போகிறது. போசிலோதெரியா பேரினம் 2019-இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) ஒப்பந்தத்தின் இரண்டாம் பிற்சேர்க்கையில் சேர்க்கப்பட்டது. பிராக்கிபெல்மா அதற்கு வெகுகாலம் முன்பே சேர்க்கப்பட்டது. நாடுகளுக்கிடையே இவற்றை அனுப்ப உரிய அனுமதி கட்டாயம். உள்நாட்டுச் சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், வாங்கும் முன் உங்கள் சட்டம் அந்த இனத்தை வளர்க்க அனுமதிக்கிறதா என்று உறுதி செய்துகொள்வதும் உங்கள் கடமை. வளர்ப்பிலேயே பொரித்த குஞ்சு என்பதற்கு ஆதாரம் கேட்கத் தயங்காதீர்கள்.

காட்டுச் சிலந்தியோடு ஒட்டுண்ணிகளும் வரும். வாயைச் சுற்றி வெள்ளையாகப் பசை போல ஏதேனும் தென்பட்டால் அது நூற்புழுவாக இருக்கலாம்; ஒரு சிலந்தியிலிருந்து அலமாரி முழுவதற்கும் அது பரவும். எங்கிருந்து வந்ததாக இருந்தாலும் புதியதை முதல் சில வாரங்கள் வேறு அறையில் வையுங்கள்; அதற்கெனத் தனி இடுக்கியைப் பயன்படுத்துங்கள். வயிறு சுருங்கியதையும், நிற்கும்போதே கால்கள் உடலுக்கு அடியில் மடங்கியதையும் இரக்கப்பட்டு வாங்க வேண்டாம்.

கூட்டமாக வளர்க்கலாம் என்று கேள்விப்பட்டு மோனோசென்ட்ரோபஸ் பால்ஃபூரியை வாங்குபவர்களும் உண்டு. சொகோட்ரா தீவின் இந்த இனம் ஒரே தாயின் குஞ்சுகளாகச் சேர்ந்து வளர்ந்தால் பெரும்பாலும் ஒத்துப்போகும். பெரும்பாலான மற்ற இனங்களுக்கு அதை நீட்டித்தால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும்.

இப்போதெல்லாம் ஓர் இனம் பிடித்துப்போனால், நான் முதலில் அதற்கான பெட்டியை மட்டும் தயார் செய்து, சிலந்தி இல்லாமல் ஒரு மாதம் அலமாரியில் வைத்துவிடுகிறேன். அந்த மாதத்தில் மண் எத்தனை நாளில் காய்கிறது, எத்தனை முறை நீர் ஊற்ற மறந்தேன் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்கிறேன். போன முறை தெரபோசா ஸ்டிர்மிக்காக வைத்த பெட்டியின் மண் ஐந்து நாளுக்கு ஒருமுறை மேலிருந்து அடிவரை காய்ந்துபோனது. அந்த மாதத்தில் இரண்டு முறை நான் ஊரில் இல்லை. அந்தப் பெட்டியில் இப்போது சுருள்முடி டரான்டுலாவான டிலில்டோகாட்ல் அல்போபிலோசஸ் ஒன்று இருக்கிறது.