ஹவுஸ் தாளம் அமைக்கும் முறை

ஹவுஸ் என்ற மின்னணு நடன இசைக்கு ஐந்தாறு ஒலிகளே போதும். அவை எந்த இடத்தில் விழுகின்றன, எப்போது சேர்கின்றன, எப்போது விலகுகின்றன என்பதைக் கவனித்து அமைப்பதே வேலையின் பெரும்பகுதி. இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் அது பிறந்த சூழல். 1977இல் சிகாகோவில் திறக்கப்பட்ட வேர்ஹவுஸ் என்ற நடனக்கூடத்தில், நியூயார்க்கிலிருந்து வந்த டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ், பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்களாக இருந்த ஆட்டக்காரர்களுக்காக விடிய விடிய டிஸ்கோ இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டார். பாடல்களின் தாளப் பகுதிகளை ஒலிநாடாவில் வெட்டி ஒட்டி நீட்டிக்கவும் செய்தார். சிகாகோ டிஜே ஜெஸ்ஸி சாண்டர்ஸ் 1984இல் வெளியிட்ட ஹவுஸ் இசைத்தட்டைத் தொடர்ந்து, வாத்தியக் குழு வைக்க வசதியற்ற சிகாகோ இளைஞர்கள் பலர், டிரம் மெஷினையும் (தாள ஒலிகளைத் தானே இசைக்கும் கருவி) சின்தசைசரையும் (மின்சுற்றால் சுரங்களை எழுப்பும் கருவி) கொண்டு அதே ஆட்டத்துக்கான இசையைத் தாங்களே செய்யத் துணிந்தனர்.

முதலில் வேகத்தை நிமிடத்துக்கு 120 அடிகள் என்று வையுங்கள். நான்கு அடிகள் கொண்ட ஒரு பார் அப்போது சரியாக 2 விநாடி நீளும். டிரம் மெஷின்கள் அதை 16 படிகளாகப் பிரித்துக் காட்டும். கிக் டிரம்மை (காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் கனத்த ஒலி) 1, 5, 9, 13ஆம் படிகளிலும், கிளாப்பை (கைதட்டல் ஒலி) 5, 13ஆம் படிகளிலும் வையுங்கள். அடுத்து, திறந்த ஹை-ஹாட்டை (ஜோடித் தாளத்தட்டுகள் திறந்திருக்கும்போது எழும் நீண்ட ஒலி) 3, 7, 11, 15ஆம் படிகளில், அதாவது இரண்டு கிக்குகளுக்கு நட்டநடுவில் வையுங்கள். ஃபிலடெல்ஃபியா டிரம்மர் ஏர்ல் யங் 1970களில் டிஸ்கோவுக்குத் தந்த இந்த நடு அடிதான் ஆட்டக்காரரின் உடலை மேலே தூக்குகிறது. அதை நிறுத்திவிட்டுக் கேட்டால், மிஞ்சுவது வெறும் இடிப்புதான்.

மூடிய ஹை-ஹாட்டை (அதே தட்டுகள் மூடியிருக்கும்போது எழும் குறுகிய ஒலி) மீதிப் படிகளில் நிரப்பி, அதன் ஒலியளவைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். பலரும் தடுமாறும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. எல்லாப் படிகளும் சம இடைவெளியில் ஒலிக்கும்போது தாளம் விறைப்பாக நிற்கும். ஆகவே, இரட்டைப்படைப் படிகளைத் தாமதப்படுத்தும் ஸ்விங் அளவை 50 விழுக்காட்டிலிருந்து (தாமதமே இல்லாத நிலை) 56 வரை மெல்ல உயர்த்துங்கள். 120 வேகத்தில் இரட்டைப்படை எண்ணுள்ள படிகள் 15 மில்லிவிநாடி தாமதமாக விழும். கிக், கிளாப், திறந்த ஹாட் மூன்றும் ஒற்றைப்படைப் படிகளில் இருப்பதால் இம்மியும் அசைவதில்லை. அவற்றுக்கு இடையே உள்ள மூடிய ஹாட் மட்டும் சற்றுச் சோம்பி வருகிறது. அந்தச் சோம்பலே ஹவுஸின் நடை. 60ஐத் தாண்டினால் அது நொண்டலாகத் தோன்றும் என்பது என் கருத்து.

ஒலிகளுக்கு, ரோலண்ட் நிறுவனம் 1983இல் வெளியிட்ட டிஆர்-909 டிரம் மெஷினின் ஒலிமாதிரிகளே போதுமானவை. அதன் கிக்கும் கிளாப்பும் அனலாக் மின்சுற்றில் பிறப்பவை. ஹை-ஹாட்டுகளோ பதிவுசெய்யப்பட்ட டிஜிட்டல் ஒலிகள். கரகரப்பான அந்த ஹாட்டைச் சுத்தப்படுத்த முயல வேண்டாம்.

பேஸ் எனப்படும் தாழ்ந்த சுரங்களைக் கிக் விழாத படிகளில் வையுங்கள். 3, 4, 7, 11, 14 என்று தொடங்கிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே கணத்தில் விழுந்தால் தாழ்ந்த அதிர்வெண்களில் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். ஸ்விங் பேஸுக்கும் பொருந்துமாறு பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டார் கலைஞர்களுக்குத் துணையாக 1981இல் வந்து, விலைபோகாமல் ஒதுங்கிய டிபி-303 என்ற பேஸ் சின்தசைசரின் திருகுகளைத் திருகியே சிகாகோவின் ஃப்யூச்சர் குழு 1987இல், ஒலி நெளிந்து செல்லும் ஆசிட் ஹவுஸ் என்ற கிளைப்பாணிக்கு வழிவகுத்தது. அந்த நெளியும் ஒலி வேண்டுமானால், ஃபில்டரின் ரெசனன்ஸை (வெட்டும் இடத்து அதிர்வெண்ணை அழுத்திக் காட்டும் திருகு) உயர்த்தி வைத்து, கட்ஆஃபை (எவ்வளவு உயர்ந்த அதிர்வெண் வரை வெளிவரும் என்பதைத் தீர்மானிக்கும் திருகு) மட்டும் பல பார்களுக்கு நிதானமாகத் திறந்து மூடுங்கள்.

பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டுக்கு, ஏதேனும் ஒரு மைனர் செவன்த் (நான்கு சுரங்கள் கொண்ட ஒரு கார்டு வகை) போதும். அதன் வடிவத்தை மாற்றாமல் அப்படியே மூன்று அரைச்சுரம் (கறுப்புக் கட்டைகளையும் எண்ணி, கீபோர்டில் மூன்று கட்டைகள்) மேலே நகர்த்தினால், பழைய சிகாகோ தட்டுகளின் சாயல் வந்துவிடும்.

கோர்ப்பதில் அவசரம் கூடாது. முதல் 32 பார்களுக்கு, அதாவது 64 விநாடிகளுக்கு, டிரம்கள் மட்டும் ஒலிக்கட்டும். டிஜே முந்தைய தட்டோடு இதை இணைக்க அந்த இடைவெளி தேவை. பிறகு 8 அல்லது 16 பார்களுக்கு ஒருமுறை ஒரே ஒரு ஒலியைச் சேருங்கள் அல்லது எடுங்கள். முடித்ததும், வேறொரு ஹவுஸ் பாடலின் இறுதிப் பகுதியோடு வேகம் பொருத்திக் கலந்து கேளுங்கள். இரண்டு பேஸும் மோதிக் குழம்பினால், உங்கள் பேஸின் நுழைவை இன்னும் 16 பார் தள்ளி வையுங்கள்.