பேஞ்சோ கடிகாரம்: வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும் செய்யும் தவறுகள்

மேலே வட்ட முகம், நடுவில் ஒடுங்கிய கழுத்து, கீழே ஒரு பெட்டி. அமெரிக்கப் பழம்பொருள் ஏலங்களில் 'பேஞ்சோ கடிகாரம்' என்று விற்பது இதைத்தான். பேஞ்சோ என்ற நரம்புக் கருவியின் சாயல் இருப்பதால் பிற்காலத்தார் வைத்த பெயர் அது. இதை உருவாக்கிய சைமன் வில்லர்ட் (1753–1848) 'மேம்படுத்திய டைம்பீஸ்' என்றுதான் சொன்னார். மாசசூசெட்ஸ் மாநிலத்து கிராஃப்டனில் பிறந்து, பாஸ்டனை ஒட்டிய ராக்ஸ்பரியில் பட்டறை வைத்திருந்தவர். 1802இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். தரையில் நிற்கும் ஆளுயரக் கடிகாரத்தில் அதை ஓட்டும் எடை இறங்கப் பல அடி இடம் வேண்டும். வில்லர்ட் அதை ஓரடிக்குச் சற்று மேல் என்று சுருக்கினார். ஒரு தரம் சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும், அதுவும் சுவரில் தொங்கியபடி.

முதல் தவறு வாங்கும்போதே நடந்துவிடுகிறது. கழுத்திலும் பெட்டியிலும் பதித்த ஓவியக் கண்ணாடியில் பொன்னெழுத்தில் 'எஸ். வில்லர்ட் பேட்டன்ட்' என்று இருந்தால் பலர் வேறெதையும் பார்ப்பதில்லை. இந்தக் கடிகாரத்தில் முதலில் உடையும் பொருளே கண்ணாடிதான். இருநூறு வருடத்தில் எத்தனை முறை மாற்றினார்களோ! மாற்றியவர் கையோடு பெயரையும் எழுதியிருக்கலாம். போதாக்குறைக்கு, வில்லர்ட் வாழ்ந்த காலத்திலேயே பாஸ்டன் வட்டாரத்தில் பலர் இதே வடிவத்தைச் செய்தார்கள். அவருடைய தம்பி ஆரன் வில்லர்டும் செய்தார். ஆகவே பெயர் இருப்பதால் மட்டும் அது சைமன் கைவேலை ஆகிவிடாது. பெயர் இல்லை என்பதற்காகப் போலி என்று ஒதுக்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் பித்தளை இயந்திரத்தைப் பாருங்கள். அதைப் பெட்டியோடு பிணைக்கும் திருகுகளுக்குப் பக்கத்தில் பயன்படாத பழைய துளைகள் தெரிந்தால், ஒரு கடிகாரத்தின் உடம்பில் இன்னொன்றின் உயிரைப் பொருத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

ஆரனின் மகனிடம் தொழில் கற்ற எட்வர்ட் ஹோவர்ட், டேவிஸ் என்பவரோடு சேர்ந்து 1842இல் தொடங்கிய நிறுவனமும் எடையால் ஓடும் பேஞ்சோக்களைச் செய்தது. 'இ. ஹோவர்ட்' என்று டயலில் இருந்தால் உள்ளே பித்தளைத் தகட்டிலும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். டயலில் இரண்டு சாவித் துளைகள் இருந்தால் பெரும்பாலும் அது 1920களை ஒட்டித் தொழிற்சாலைகள் செய்த ஸ்பிரிங் கடிகாரம். நல்ல பொருள்தான், ஆனால் வில்லர்ட் விலை கொடுக்கக் கூடாது.

வாங்கியாயிற்று. அடுத்த ஆபத்து சுத்தம் செய்யும் ஆசை. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்: வண்ணமும் தங்கத்தாளும் கண்ணாடியின் பின்பக்கம்தான் இருக்கின்றன. உட்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால் துணியோடு ஓவியமும் வந்துவிடும். கண்ணாடி துடைக்கும் திரவத்தை முன்பக்கம் பீய்ச்சினாலும் ஓரங்களில் கசிந்து உள்ளே போகும். உலர்ந்த மென்மையான துணியால் வெளிப்பக்கம் மட்டும் துடையுங்கள், போதும். சட்டத்தில் தங்க முலாம் இருந்தால் அதன்மேல் தண்ணீரே படக்கூடாது. தங்கத்தாளுக்கு அடியில் இருப்பது சுண்ணத்தூளும் பசையும் சேர்ந்த பூச்சு, நீர் பட்டால் கரையும். மங்கிவிட்டதே என்று கடையில் விற்கும் கோல்ட் பெயின்டை அடிப்பவர்களை என்ன சொல்வது? சில வருடங்களில் அது கறுத்துப்போகும். அடியில் இருக்கும் அசல் தங்கத்தை மீட்க அப்புறம் படாத பாடு படவேண்டும்.

கடிகாரம் நின்றுவிட்டால் எடையைக் கூட்டிப் பார்ப்பது இன்னொரு வழக்கம். எடை எட்டு நாளும் ஒரே சீராக இழுக்கும், ஸ்பிரிங்கைப் போல நாளாக ஆகத் தளராது. அதனால் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு, காய்ந்துபோன எண்ணெய், அல்லது எங்கோ உரசல். கூடுதல் எடை அச்சுகளைத்தான் தேய்க்கும். தையல் மெஷின் எண்ணெயைப் பல்சக்கரங்கள் மேல் ஊற்றுவதும் அப்படித்தான், தூசியைக் கூப்பிட்டு உட்கார வைத்த கதை. கடிகாரத்துக்கென்றே உள்ள எண்ணெயில் அச்சு முனைக்கு ஒரு சொட்டுக்கும் குறைவு போதும், பல்லுக்கு வேண்டாம்.

சில சமயம் கோளாறே இருக்காது, மாட்டியதுதான் கோணல். ரசமட்டம் வைத்துப் பார்த்து நேராக மாட்டிவிட்டோம் என்று நம்பாதீர்கள். காதை நம்புங்கள். டிக், டக் இரண்டுக்கும் நடுவே இடைவெளி ஒன்றுபோல இருக்க வேண்டும். நொண்டினால் கீழ்ப்பெட்டியை இடமோ வலமோ மயிரிழை நகர்த்திப் பாருங்கள். சீரான இடத்தில், கீழே ஒரு திருகு போட்டு அசையாமல் நிறுத்துங்கள். பின்தங்கி ஓடினால் ஊசல் குண்டுக்குக் கீழே உள்ள மறையைத் திருகிக் குண்டைக் கொஞ்சம் உயர்த்தினால் சரியாகும்.

ஊசல் முன்னால் ஆட, தகரத் தடுப்புக்குப் பின்னால் எடை இறங்குவதுதான் வில்லர்டின் அமைப்பு. ஊசலைக் கழற்றாமல் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு மாறினால் குண்டு நேரே ஓவியக் கண்ணாடியில் போய் மோதும். எடையைத் தாங்கும் கயிறு நைந்திருப்பதைக் கவனிக்காமல் விட்டால் எடை கீழ்ப்பெட்டியைப் பிளக்கும். இடம் மாற்றும் முன் ஊசலைக் கழற்றி, தடுப்பை அவிழ்த்து எடையையும் எடுத்துத் தனியாகக் கொண்டுபோங்கள். கயிறு பழசாகத் தெரிந்தால் சாவி கொடுக்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.

அப்படியும் கண்ணாடி உடைந்தால் துண்டுகளைக் குப்பையில் கொட்டாதீர்கள். கோடுகளின் அளவு, வண்ணம், எழுத்தின் வளைவு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. புதுக் கண்ணாடி வரைபவர் முதலில் கேட்பது அதைத்தான். வேலை முடிந்ததும் துண்டுகளை ஓர் உறையில் போட்டு, எந்த வருடம் மாற்றியது என்று எழுதி, கடிகாரத்தோடேயே வையுங்கள்.